முதல் நாள் ஸ்கேன் சொல்லாத சேதி

இன்றைய அரங்கத்தில் ஒரே ஒரு கேள்வியை எடுத்துக்கொண்டு, அதன் பின்னால் இருக்கும் வரலாற்றைப் பேசலாம் என்று நினைக்கிறேன். பிள்ளை பெற்ற வீடுகளில் எழும் கேள்வி அது. "பிறந்த மறுநாளே பிள்ளையின் இருதயத்தை ஸ்கேன் செய்து பார்த்தார்கள். இப்போதைக்கு ஒன்றும் தெரியவில்லை என்றார்கள். ஆனால் இரண்டு மூன்று நாளில் மறுபடியும் பார்க்க வேண்டும் என்கிறார்கள். ஒன்றும் இல்லாத பிள்ளையை எதற்கு மறுபடியும் கொண்டு போக வேண்டும்?"

நியாயமான கேள்விதான். டுரியான் துங்காலில் இருந்தோ, உள்ளே தள்ளியிருக்கும் ஒரு தோட்டத்தில் இருந்தோ பச்சை உடம்புக்காரியையும் கைக்குழந்தையையும் வண்டியில் ஏற்றிக்கொண்டு மலாக்கா பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய் வருவது ஒரு நாள் வேலை. கணவனுக்கு ஒரு நாள் சம்பளம் போகும். பத்தியத்தில் இருப்பவளை வெளியே கிளப்புவதற்குப் பாட்டி சம்மதிக்க மாட்டார். "மிஷினே ஒன்றும் இல்லை என்று சொல்லிவிட்டது, அப்புறம் என்ன?" என்று ஒருவர் சொல்ல, மற்றவர்கள் தலையாட்ட, அந்தப் பயணம் நின்றுபோகும்.

மிஷின் பொய் சொல்வதில்லை. பார்த்த நேரத்தில் என்ன இருந்ததோ அதைத்தான் காட்டுகிறது. ஆனால் புதிதாகப் பிறந்த பிள்ளையின் இருதயத்தில் முதல் நாள் இருப்பது ஐந்தாம் நாள் இருப்பதில்லை. இந்த ஒரு உண்மையைப் புரிந்துகொள்ள மருத்துவ உலகத்துக்கு இருநூறு ஆண்டுகளுக்கு மேல் ஆனது.

இரண்டு குழாய்களின் கதை

டுரியான் துங்கால் என்றதும் மலாக்காக்காரர்களுக்கு அங்கே இருக்கும் நீர்த்தேக்கம் நினைவுக்கு வரும். 1991-ஆம் ஆண்டு அது வறண்டபோது மலாக்கா பட்டணமே வாளியும் தோம்புமாகத் தண்ணீர் லாரிக்குக் காத்து நின்றதைப் பெரியவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். அந்தத் தண்ணீரை வைத்தே இதைச் சொல்கிறேன்.

ஊருக்குப் போகும் பெரிய குழாய் ஓரிடத்தில் நசுங்கியிருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அதே இடத்தில் பக்கத்தில் இருந்து ஒரு பழைய குழாயும் வந்து சேர்கிறது. பழைய குழாயில் தண்ணீர் ஓடும் வரை கீழ்த்தெருவுக்கு எந்தக் குறையும் தெரியாது. என்றைக்கு அதை மூடுகிறார்களோ அன்றைக்குத்தான் பெரிய குழாய் நசுங்கியிருக்கும் சேதி வெளியே வரும்.

இருதயத்தில் இருந்து புறப்படும் பெருந்தமனி, கைத்தடியின் பிடியைப் போல் மேலே வளைந்து, தலைக்கும் கைகளுக்கும் கிளை கொடுத்துவிட்டு, கீழே இறங்கி வயிறு, சிறுநீரகம், கால்கள் என்று போகிறது. இடது கைக்குக் கிளை பிரிந்த உடனே வரும் இடத்தில்தான் சில பிள்ளைகளுக்குக் குழாய் இடுங்கியிருக்கும். மருத்துவர்கள் இதைக் கோவார்க்டேஷன் என்பார்கள். நாம் பெருந்தமனிச் சுருக்கம் என்போம். அதே இடத்தில் நுரையீரல் தமனியில் இருந்து ஓர் இணைப்புக் குழாய் வந்து சேர்கிறது. தாயின் வயிற்றில் பிள்ளை மூச்சு விடுவதில்லை. அதனால் நுரையீரலுக்குப் போக வேண்டிய இரத்தத்தின் பெரும்பகுதி இந்தக் குறுக்கு வழியில் உடம்பின் கீழ்ப்பகுதிக்குப் போய்விடும். பிறந்து மூச்சு எடுத்ததும் அந்தக் குழாய்க்கு வேலை முடிந்தது. பெரும்பாலான பிள்ளைகளுக்கு இரண்டு மூன்று நாளில் அது சுருங்கி மூடிக்கொள்ளும். சிலருக்கு ஒரு வாரம், அதற்கு மேலும் ஆகும்.

சுருக்கம் உள்ள பிள்ளைக்கு ஆபத்து வருவது அந்த மூடும் நாளில்தான். அதுவரை நன்றாகப் பால் குடித்த பிள்ளை முகம் சுளிக்கும், பால் இழுக்க முடியாமல் நெற்றி வியர்க்கும், மூச்சு வாங்கும், கால் சில்லிட்டுப் போகும். சிறுநீர் குறையும். இருதயம் அடைத்த கதவை முட்டுவதுபோல் முட்டிக் களைத்துவிடும். சில மணி நேரத்தில் உயிருக்கே வந்துவிடலாம்.

இன்னொரு கொடுமையும் உண்டு. இணைப்புக் குழாயின் தசை பல பிள்ளைகளுக்குப் பெருந்தமனியின் சுவருக்குள்ளேயே படர்ந்திருக்கும். குழாய் சுருங்கும்போது அந்தத் தசையும் சுருங்கி, சுருக்குக் கயிறு போலப் பெருந்தமனியையும் சேர்த்து இழுத்துவிடும். வியன்னாவில் இருந்த யோசெஃப் ஸ்கோடா இந்தக் கருத்தை 1855-ஆம் ஆண்டிலேயே சொன்னார். அதாவது முதல் நாள் ஸ்கேனில் உண்மையாகவே அகலமாகத் தெரிந்த இடம், ஐந்தாம் நாள் உண்மையாகவே குறுகியிருக்கலாம். இரண்டு ஸ்கேனும் சரிதான்.

பதிவேட்டில் இல்லாத நோய்

பெருந்தமனி இப்படி இடுங்குவதை இத்தாலியின் மோர்கானி 1760-ஆம் ஆண்டு எழுதி வைத்தார். இறந்த உடலை அறுத்துப் பார்த்துக் கண்டது அது. அதன் பிறகு நூறு ஆண்டுகளுக்கு மேல் இந்த நோயைப் பற்றி அறிந்தவற்றில் பெரும்பாலானவை பிணவறையில் இருந்து வந்தவையே. 1903-ஆம் ஆண்டு போனே என்ற பிரெஞ்சுக்காரர், குழந்தை வகை என்றும் பெரியவர் வகை என்றும் இதை இரண்டாகப் பிரித்தார். அந்தப் பிரிவு வெகுகாலம் பாடப் புத்தகங்களில் இருந்தது.

எனக்கு அந்தப் பெயர்களில் உடன்பாடு இல்லை. பெரியவர் வகை என்பது பெரும்பாலும் பிழைத்து வளர்ந்தவர்களின் கணக்கு. பக்கத்துச் சின்னத் தமனிகள் பெருத்து வழி செய்து கொடுத்ததால் அவர்கள் முப்பது, நாற்பது வயது வரை இருந்தார்கள். முதல் இரண்டு வாரத்தில் போன பிள்ளைகளை யார் அறுத்துப் பார்த்தார்கள்? யார் எழுதி வைத்தார்கள்?

நம் தோட்டங்களை நினைத்துப் பாருங்கள். அன்றைய மலாயாவில் பச்சைப் பிள்ளை இறந்தால், டாக்டர் பார்க்காத மரணம் என்றால், பதிவேட்டில் காய்ச்சல் என்றோ வலிப்பு என்றோ ஒரு சொல் விழும். லயத்தில் அதற்கு வேறு பெயர்கள் இருந்தன. பால் குடிக்காமல் துவண்டால் மாந்தம். மேல்மூச்சு வாங்கினால் தோஷம். கை கால் குளிர்ந்து போனால் சீர். மந்திரிக்க ஒருவர், கஷாயம் காய்ச்ச ஒருவர். தோட்டத்து டிரஸ்ஸர் கையில் காய்ச்சல் மருந்தும் வயிற்று மருந்தும் இருந்தன. அவரைக் குறை சொல்லிப் பயனில்லை. அவர் எந்தப் பட்டணத்து டாக்டரை அழைத்து வந்திருந்தாலும், 1940-களில் அந்த டாக்டரிடமும் இந்த நோய்க்கு மருந்து கிடையாது.

நாடு சுதந்திரம் அடைந்த 1957-ஆம் ஆண்டில், பிறந்த ஆயிரம் பிள்ளைகளில் ஏறக்குறைய 75 பேர் ஒரு வயதுக்குள் இறந்தார்கள். மலேரியா, வயிற்றுப்போக்கு, நிமோனியா என்று பெரிய வெள்ளம் ஓடிக்கொண்டிருந்த காலம். அந்த வெள்ளத்துக்கு அடியில் இருதயக் கோளாறு என்ற பாறை கண்ணுக்குத் தெரியவில்லை. தண்ணீர் வற்றிய பிறகுதான் பாறை தெரிந்தது. பக்கத்து ஜொகூரில் 2006 முதல் 2015 வரை பிறந்த பிள்ளைகளைக் கணக்கெடுத்து மருத்துவர்கள் வெளியிட்ட ஆய்வில், ஆயிரம் பிறப்புக்கு 6.7 பிள்ளைகளுக்குப் பிறவி இருதயக் குறை இருந்தது. உலகக் கணக்கும் இதையொட்டித்தான் இருக்கிறது. இவர்களில் நூற்றுக்கு ஐந்து முதல் எட்டுப் பேருக்குப் பெருந்தமனிச் சுருக்கம் இருக்கும் என்பது பொதுவான கணிப்பு. பார்க்கச் சின்ன எண்தான். ஆனால் ஒவ்வொரு எண்ணும் ஒரு தொட்டில்.

கப்பல் பட்டறையில் இருந்து வந்த கருவி

1944-ஆம் ஆண்டு அக்டோபர் 19-ஆம் தேதி, சுவீடன் நாட்டின் ஸ்டாக்ஹோமில் கிளாரன்ஸ் கிராஃபூர்ட் என்ற அறுவை மருத்துவர், 12 வயதுப் பையன் ஒருவனின் பெருந்தமனியில் இடுங்கிய துண்டை வெட்டி எடுத்துவிட்டு இரு முனைகளையும் சேர்த்துத் தைத்தார். பையன் பிழைத்தான். மறு ஆண்டு அமெரிக்காவின் பாஸ்டனில் ராபர்ட் கிராஸ் இதே சிகிச்சையைச் செய்தார். மோர்கானி எழுதி 184 ஆண்டுகள் கழித்து இந்த நோய்க்கு முதல் தடவையாக ஒரு தீர்வு வந்தது.

ஆனால் அது வளர்ந்த பிள்ளைகளுக்கு வந்த தீர்வு. பத்து நாள் பிள்ளைக்கு நோய் இருப்பதை எப்படிக் கண்டுபிடிப்பது? ஒரு வழி விரல். தொடை இடுக்கில் விரல் வைத்தால் நாடி துடிக்க வேண்டும். கையில் நாடி நன்றாக அடித்து, தொடையில் அடிக்காவிட்டால் நடுவில் எங்கோ அடைப்பு என்று பொருள். காசு செலவில்லாத இந்தப் பரிசோதனைக்கு இன்றும் மரியாதை குறையவில்லை. இணைப்புக் குழாய் திறந்திருக்கும் போது விரலும் ஏமாறும் என்பது உண்மைதான். இன்னொரு வழி, இரத்தக் குழாய்க்குள் மெல்லிய டியூப்பை விட்டு, சாயம் செலுத்தி எக்ஸ்ரே படம் எடுப்பது. மூன்று கிலோ எடையுள்ள, ஏற்கெனவே துவண்டு கிடக்கும் பிள்ளைக்கு அதைச் செய்வது சாதாரண காரியம் அல்ல.

இந்த இடத்தில்தான் அல்ட்ராசவுண்ட் வருகிறது. அது வந்த வழி வேடிக்கையானது.

அதே சுவீடனின் தென்கோடியில் லுண்ட் என்ற பல்கலைக்கழக ஊர். அங்கே இங்கே எட்லர் என்ற இருதய மருத்துவருக்கு ஒரு கவலை. மைட்ரல் வால்வு இடுங்கியிருக்கிறதா, ஒழுகுகிறதா என்று அறுப்பதற்கு முன்பே திட்டவட்டமாகத் தெரிந்துகொள்ள அவருக்கு வழியில்லை. தவறாகக் கணித்தால் நோயாளி மேசையில் கிடக்கும்போதுதான் உண்மை தெரியும். கார்ல் ஹெல்முத் ஹெர்ட்ஸ் என்ற இளம் இயற்பியலாளரிடம் அவர் யோசனை கேட்டார். ஹெர்ட்ஸ் பக்கத்து மால்மோ துறைமுகத்துக்குப் போனார். அங்கே கொக்கும்ஸ் கப்பல் பட்டறையில், இரும்புத் தகட்டிலும் பற்றவைத்த மூட்டிலும் விரிசல் இருக்கிறதா என்று பார்க்க, காதுக்கு எட்டாத ஒலியை அனுப்பி எதிரொலியைக் கேட்கும் ஒரு கருவி இருந்தது. அதைத் தன் நெஞ்சிலேயே வைத்துப் பார்த்தார். திரையில் ஒரு கோடு இருதயத் துடிப்போடு சேர்ந்து ஆடியது.

பிறகு ஜெர்மனியின் சீமென்ஸ் நிறுவனம் அப்படிப்பட்ட ஒரு கருவியை இரவல் கொடுத்தது. 1953-ஆம் ஆண்டு அக்டோபர் 29-ஆம் தேதி, எட்லரும் ஹெர்ட்ஸும் அதைக்கொண்டு இருதயத்தின் அசைவைப் பதிவு செய்தார்கள். கப்பலுக்கு விரிசல் பார்த்த கருவி மனித இருதயத்தைப் பார்த்தது. தொடக்கத்தில் அவர்கள் இருதயத்தின் மேலறைச் சுவர் என்று எண்ணிய ஓர் எதிரொலி, உண்மையில் மைட்ரல் வால்வில் இருந்து வந்தது என்பது சில ஆண்டுகள் கழித்துத்தான் தெளிவானது. கருவி காட்டியது மாறவில்லை, அதைப் படித்த விதம் மாறியது. இருவருக்கும் 1977-ஆம் ஆண்டு லாஸ்கர் பரிசு கிடைத்தது.

அந்தக் காலத்துக் கருவி காட்டியது வெறும் கோடுகள். ஆடும் கோட்டை வைத்து வால்வைப் படிக்கலாம். வளைந்து செல்லும் பெருந்தமனியைப் படிக்க முடியாது. கிராஃபூர்டின் ஊரும் எட்லரின் ஊரும் ஒரே நாட்டில் இருந்தும், அறுவை சிகிச்சையும் அல்ட்ராசவுண்டும் இந்த நோயின் விஷயத்தில் சந்திக்கப் பின்னும் இருபது ஆண்டுக்கு மேல் ஆனது.

கழுத்துக் குழியில் ஒரு சன்னல்

1970-களில் கருவிகள் கோட்டை விட்டுப் படத்துக்கு வந்தன. துடிக்கும் இருதயத்தின் குறுக்கு வெட்டை அந்தந்த நேரத்திலேயே திரையில் பார்க்க முடிந்தது. அமெரிக்காவின் அரிசோனாவில் டேவிட் சான் என்பவரும் அவருடைய குழுவினரும் இப்படிப்பட்ட படத்தைக் கொண்டே பெருந்தமனிச் சுருக்கத்தைக் கண்டுபிடித்து, அதைச் சாய எக்ஸ்ரேயோடு ஒப்பிட்டு 1977-ஆம் ஆண்டு வெளியிட்டார்கள்.

இதற்குக் கருவியை வைக்கும் இடம் முக்கியம். நெஞ்சின் நடுவில் வைத்தால் நுரையீரலின் காற்று மறைக்கும். கழுத்துக்குக் கீழே, இரண்டு காறை எலும்புகளுக்கும் நடுவில் ஒரு சின்னக் குழி இருக்கிறது பாருங்கள், அங்கே வைத்துக் கீழ்நோக்கிப் பார்த்தால் கைத்தடியின் வளைவு முழுவதும் தெரியும். பச்சைப் பிள்ளைக்கு எல்லாம் தோலுக்கு அருகிலேயே இருப்பதால், விநாடிக்கு எட்டு முதல் பன்னிரண்டு மில்லியன் அதிர்வுள்ள நுண்ணிய ஒலியைப் பயன்படுத்தலாம். அதிர்வு கூடினால் படம் தெளிவாகும், ஆழம் குறையும். பிள்ளைக்கு ஆழம் தேவையில்லை. கதிர்வீச்சு இல்லை, ஊசி இல்லை. பிள்ளை அழுதால்தான் சிரமம். அதற்காகப் பால் கொடுத்துத் தூங்க வைத்துவிட்டுப் பார்ப்பார்கள்.

படம் மட்டும் போதாது, ஓட்டத்தின் வேகமும் தெரிய வேண்டும். பூலாவ் செபாங் ஸ்டேஷனில் நின்றிருப்பவர்களுக்கு இது புதிதல்ல. நிற்காமல் போகும் இரயில் ஊதிக்கொண்டு நெருங்கும்போது ஊதல் கூர்மையாகவும், கடந்து போனதும் கனத்தும் கேட்கும். 1842-ஆம் ஆண்டு கிறிஸ்டியன் டாப்ளர் சொன்ன விதி இது. அவர் நட்சத்திரங்களின் வெளிச்சத்தைப் பற்றித்தான் பேசினார். மூன்று ஆண்டு கழித்து ஹாலந்தில் ஒருவர், இரயிலில் எக்காளக்காரர்களை ஏற்றி ஊதச் சொல்லி, தரையில் காது நுட்பமுள்ளவர்களை நிறுத்தி அதைச் சோதித்துப் பார்த்தார். 1950-களில் ஜப்பானின் சத்தோமுரா அந்த விதியை இருதயத்துக்குக் கொண்டு வந்தார். ஓடுகிற இரத்த அணுக்களில் பட்டுத் திரும்பும் எதிரொலியின் சுருதியை வைத்து வேகத்தைக் கணக்கிடுகிறார்கள்.

வேகம் தெரிந்தால் அழுத்தமும் தெரியும். நார்வேயில் லிவ் ஹாட்லே என்ற பெண் மருத்துவரும் அவருடைய சகாக்களும் 1970-களின் பிற்பகுதியில் இந்தக் கணக்கை எளிமையாக்கிப் பரப்பினார்கள். வேகத்தை அதே எண்ணால் பெருக்கி, மறுபடி நான்கால் பெருக்க வேண்டும். விநாடிக்கு 3 மீட்டர் என்றால் 36. 4 மீட்டர் என்றால் 64. இடுங்கிய இடத்துக்கு முன்னும் பின்னும் உள்ள இரத்த அழுத்த வித்தியாசம் இது. 1984-ஆம் ஆண்டு இங்கிலாந்து மருத்துவர்கள் இந்த முறையில் பெருந்தமனிச் சுருக்கத்தின் கடுமையை அளந்து எழுதினார்கள்.

இத்தோடு பிரச்சினை தீர்ந்தது என்று பலர் எண்ணினார்கள். இரண்டே ஆண்டில், 1986-ல், இந்தக் கணக்கில் எங்கெல்லாம் வழுக்கும் என்று ஓர் ஆய்வு வந்தது. நம் நீர்க்குழாயை நினைவில் வையுங்கள். பழைய குழாய் கீழ்த்தெருவுக்குத் தண்ணீர் கொடுத்துக்கொண்டிருந்தால், நசுங்கிய இடத்தின் வழியாகத் தண்ணீர் பாய்ந்து ஓட வேண்டிய அவசியம் இல்லை. வேகம் குறைவாகத்தான் இருக்கும். கணக்குப் போட்டால் சின்ன எண் வரும். களைத்துப்போன இருதயத்துக்கும் இதே கதிதான். தள்ளும் பலம் இல்லாததால் வேகம் இருக்காது. மிக மோசமான நிலையில் உள்ள பிள்ளைக்கு மிக நல்ல எண் வரலாம். எண்ணை மட்டும் பார்த்து வீட்டுக்கு அனுப்பினால் என்ன ஆகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

ஆகவே அனுபவமுள்ளவர்கள் ஒரே எண்ணை நம்புவதில்லை. குழாய் எத்தனை மில்லிமீட்டர் அகலம் என்று அளப்பார்கள். நிறைமாதப் பிள்ளைக்கு அந்த இடத்தில் நாலு, ஐந்து மில்லிமீட்டர் இருக்கும். மூன்றுக்குக் கீழே போனால் சந்தேகம் வலுக்கும். பிள்ளையின் எடைக்கும் உயரத்துக்கும் அது சரியா என்று அட்டவணையோடு ஒப்பிடுவார்கள். உள்சுவரில் திண்ணைபோல் ஒரு மேடு நீட்டிக்கொண்டிருக்கிறதா என்று தேடுவார்கள். வயிற்றில் வைத்து, அங்கே ஓட்டம் துள்ளுகிறதா, சோம்பிப் போய் இழுக்கிறதா என்று பார்ப்பார்கள். 2005-ஆம் ஆண்டு சுவிட்சர்லாந்தின் சூரிக் நகரில் இருந்து ஓர் எளிய வழியும் வந்தது. தலைக்குப் போகும் இடது கிளைக்கும் இடது கைக்குப் போகும் கிளைக்கும் உள்ள இடைவெளியை அளந்து, அந்த இடத்துக் குழாயின் அகலத்தை அதனால் வகுப்பது. 1.5-க்குக் கீழே வந்தால் எச்சரிக்கை. ஓட்டத்தின் வேகத்தை நம்பாமல் உருவத்தை நம்புவதால், இணைப்புக் குழாய் திறந்திருக்கும்போதும் இது உதவும் என்பதே இதன் பெருமை.

இவ்வளவு அளந்த பிறகும், "குழாய் மூடிய பின் மறுபடியும் பார்ப்போம்" என்பதுதான் கடைசி வாக்கியமாக இருக்கிறது. சந்தேகம் வலுவாக இருந்தால் வார்டிலேயே வைத்துக்கொண்டு, கை அழுத்தம், கால் அழுத்தம் என்று பார்த்தபடி காத்திருப்பார்கள். சந்தேகம் லேசாக இருந்தால் தேதி கொடுத்து வரச் சொல்வார்கள். நம் தொடக்கக் கேள்விக்குப் பதில் அதுதான். மருத்துவர் தன் மிஷினை நம்பாமல் கூப்பிடவில்லை. முதல் நாளில் கேட்க முடியாத கேள்வியை ஐந்தாம் நாளில் கேட்பதற்காகக் கூப்பிடுகிறார்.

மூடும் கதவைத் திறந்த மருந்து

காத்திருப்பதற்குத் துணிவு எங்கிருந்து வந்தது? அதற்கும் ஒரு வரலாறு உண்டு. இணைப்புக் குழாய் திறந்திருப்பதற்குப் புரோஸ்டாகிளாண்டின் என்ற பொருள் காரணம். 1975-ஆம் ஆண்டு நியூசிலாந்தின் ஆக்லாந்தில் உள்ள மருத்துவர்கள், அதை மருந்தாக நரம்பு வழியே செலுத்திக் குழாயைத் திறந்து வைக்கலாம் என்று காட்டினார்கள். மறு ஆண்டு கனடாவின் டொராண்டோவிலும் அதையே செய்தார்கள். அவர்கள் செய்தது நீலம் பாய்ந்த பிள்ளைகளுக்கு. 1979-ல் அமெரிக்காவில் இருந்து, பெருந்தமனி வளைவில் கோளாறு உள்ள பிள்ளைகளுக்கும் அது பலிக்கிறது என்று எழுதினார்கள்.

என் கணிப்பில் இந்த வரலாற்றிலேயே பெரிய திருப்பம் இதுதான், ஸ்கேன் அல்ல. அதற்கு முன் துவண்டு வந்த பிள்ளையை அந்த நிலையிலேயே அறுக்க வேண்டியிருந்தது. மருந்து வந்த பிறகு குழாயைத் திறந்து, சிறுநீரகம் வேலை செய்ய ஆரம்பித்து, பிள்ளை தேறிய பின் அறுக்கலாம். தொலைதூர ஆஸ்பத்திரிக்கும் அனுப்பலாம். மருந்துக்கு ஒரு பக்க விளைவு உண்டு. சில பிள்ளைகளுக்கு மூச்சு நின்று நின்று வரும். அதனால்தான் ஆம்புலன்ஸில் மூச்சுக் கருவியோடு டாக்டரும் மிஸியும் கூடப் போகிறார்கள்.

1992-ஆம் ஆண்டு கோலாலம்பூரில் தேசிய இருதயக் கழகம், நம் மக்கள் ஐ.ஜே.என். என்று சொல்லும் மருத்துவமனை, தொடங்கியது. பின்னர் செர்டாங், பினாங்கு, ஜொகூர் பாரு அரசு மருத்துவமனைகளிலும் பிள்ளைகளுக்கான இருதயப் பிரிவுகள் வளர்ந்தன. மலாக்காவில் இருந்து கோலாலம்பூர் இன்று இரண்டு மணி நேரப் பயணம். மருந்து ஏறிக்கொண்டிருந்தால் அந்த இரண்டு மணி நேரத்தை ஒரு பிள்ளை தாங்கும். லயத்தில் மாந்தம் என்று மூன்று நாள் வைத்திருந்துவிட்டுப் புறப்பட்டால் தாங்குமா என்பதுதான் கேள்வி.

வயிற்றில் இருக்கும்போதே சொல்ல முடியாதா என்று கேட்பீர்கள். 1980-களின் தொடக்கத்தில் இருந்தே லண்டனில் லிண்ட்ஸி ஆலன் போன்றவர்கள் கருவின் இருதயத்தைப் பார்த்து இதை முயன்றிருக்கிறார்கள். இடது அறை சிறுத்து வலது அறை பெருத்திருந்தால் சந்தேகம் வரும். ஆனால் வயிற்றில் இணைப்புக் குழாய் முழுவதும் திறந்திருக்கிறது. ஆகவே அங்கே சொல்ல முடிந்தது சந்தேகம் மட்டுமே. சந்தேகப்பட்ட பிள்ளைகளில் பாதிக்கு மேல் பிறந்த பிறகு சரியாகவே இருப்பதாகப் பல மருத்துவமனைகள் எழுதியுள்ளன. மறுபக்கம், கர்ப்பத்தில் ஒன்றும் தெரியாமல் பிறந்த பின் நோய் தெரிந்த பிள்ளைகளும் உண்டு. கர்ப்ப ஸ்கேனில் சந்தேகம் என்றால் மனம் உடைந்துபோக வேண்டாம். இருதயப் பிரிவு உள்ள இடத்தில் பிரசவம் வைத்துக்கொள்ளலாமா என்று கேளுங்கள். அந்தச் சந்தேகத்தின் பயன் அதுதான். விரலில் கிளிப் மாட்டி ஆக்சிஜன் பார்க்கும் பரிசோதனையைப் பிறந்த பிள்ளைகள் அனைவருக்கும் செய்யும்படி 2011-ல் அமெரிக்கா பரிந்துரைத்தது. நல்ல பரிசோதனை. ஆனால் அந்த வலையில் அதிகமாக நழுவும் மீன் இந்தப் பெருந்தமனிச் சுருக்கம்தான்.

நம் வழக்கத்தையும் இங்கே பேச வேண்டும். பத்தியம் காப்பதில் தவறில்லை. ஆனால் இணைப்புக் குழாய் மூடும் நாட்கள், பிள்ளையைத் துணியில் இறுக்கிச் சுற்றி, கதவைச் சாத்தி, யாருக்கும் காட்டாமல் வைத்திருக்கும் அதே நாட்கள். நம் நாட்டில் அரசாங்க கிளினிக் மிஸி பிரசவத்துக்குப் பிறகு வீடு தேடி வருகிறார். பலர் அவரை வாசலிலேயே வைத்து, தொப்புளைக் காட்டி, மஞ்சள் காமாலை இருக்கிறதா என்று மட்டும் கேட்டு அனுப்பிவிடுகிறோம். துணியை அவிழ்த்துக் காலைத் தொட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். தொடையில் நாடி பார்க்கச் சொல்லுங்கள். நேற்று வரை குடித்த பிள்ளை இன்று குடிக்கவில்லை, பால் இழுக்கும்போது வியர்க்கிறது, மூச்சு வேகமாக இருக்கிறது என்றால், மிஸி வரும் வரை காத்திருக்க வேண்டாம், நேராக ஆஸ்பத்திரிக்குப் போங்கள். "முதல் நாள் ஸ்கேனில் ஒன்றும் இல்லை என்றார்கள்" என்று நீங்களே பேச்சை முடித்துவிடாதீர்கள். ஸ்கேன் எந்த நாளில் எடுத்தது, அப்போது குழாய் திறந்திருந்ததா என்று மருத்துவரிடம் கேளுங்கள். மருத்துவர் கோபித்துக்கொள்ள மாட்டார். அவர் மனதில் ஓடுவதும் அதே கேள்விதான்.

அறுவை முடிந்து பிழைத்த பிள்ளைகள் இன்று நம்மிடையே பெரியவர்களாக இருக்கிறார்கள். அவர்களுக்கு ஒரு வார்த்தை. இந்த இடம் மறுபடியும் இடுங்கலாம். அதைப் பலூன் வைத்து விரிக்கவும் செய்கிறார்கள். இரத்த அழுத்தம் பிற்காலத்தில் ஏறலாம். பலருக்குப் பெருந்தமனி வால்வும் மூன்று இதழுக்குப் பதில் இரண்டு இதழோடு இருக்கும். ஆகவே ஸ்கேன் அவர்களுக்கு ஆயுள் முழுவதும் உண்டு. இன்னொன்று. 1966-ஆம் ஆண்டு வந்த ஓர் அறுவை முறையில், இடது கைக்குப் போகும் தமனியையே வெட்டி மடித்து, இடுங்கிய இடத்துக்கு ஒட்டுப் போட்டார்கள். கை நன்றாகவே வேலை செய்யும், ஆனால் அந்தக் கையில் நாடி மெலிவாக இருக்கும். அப்படிச் செய்துகொண்டவர்கள் கிளினிக்கில் இடது கையை நீட்டினால் மீட்டர் குறைவாகக் காட்டும், உண்மையான அழுத்தம் மறைந்துபோகும். மிஸி கருவியைச் சுற்ற வரும்போது, "எனக்கு வலது கையில் பாருங்கள்" என்று சொல்லிவிடுங்கள்.